சைன் அலையும் நித்யாவின் அப்பாவும்

வீடு தேடிப் போய்க் கணக்கு சொல்லிக்கொடுக்கும் வேலையில், பிள்ளையைவிட அப்பாவுக்குத்தான் அதிகம் பாடம் எடுக்க வேண்டியிருக்கும். எடுத்துத் தவித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஜாதவ்பூரில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டே, லேக் மார்க்கெட்டில் பதினோராம் வகுப்பு நித்யாவுக்கு டியூஷன் எடுத்தேன். அடுத்த டெஸ்ட்டில் ஃபெயிலானால் அவளை சயன்ஸிலிருந்து காமர்ஸுக்கு மாற்றிவிடுவதாக அப்பா சொல்லிவிட்டார்.

பாதி உயரம்

y = 3 sin x வரையச் சொல்லி, ஆம்ப்ளிட்யூட் கேட்டேன். நித்யா ஸ்கேல் வைத்து உச்சியிலிருந்து அடிவரை அளந்து, ஆறு என்றாள். நடுக்கோட்டிலிருந்து உச்சிவரைதான் கணக்கு, மூன்று என்றேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா குறுக்கே வந்தார். நான் விடுவேனா? கால் மணி நேரம் வாதாடினேன். கடைசியில் அவர் சொன்னது: "கஷ்டப்பட்டு ஆறு வரைஞ்சிருக்கா, நீ பாதியை வெட்டிட்டியேம்மா."

நாலு பேர்

sin 2x-இன் பீரியட், அதாவது ஒரு முழு அலையின் நீளம், 4π என்று எழுதியிருந்தாள். இரண்டைப் பார்த்ததும் இரண்டால் பெருக்கும் வியாதி. உங்கள் பிள்ளைகளுக்கும் இருக்கும். ஷேர் ஆட்டோ இரண்டு மடங்கு வேகத்தில் போனால் ஒரு ரவுண்டுக்குப் பாதி நேரம்தானே, அதனால் 2π பாதியாகி π என்று விளக்கினேன். வங்காளிப் பிள்ளைகள் மாதிரி அக்காவைத் திதி என்பாள். யோசித்துவிட்டுச் சொன்னாள்: "திதி, நாலு பேர் ஏறாம ஆட்டோ கிளம்பவே கிளம்பாதே."

கிளம்பும் இடம்

sin(2x − π/3) வலப்பக்கம் எவ்வளவு நகர்கிறது? அவள் போகும் இன்னொரு டியூஷன், பவானிபூர் சாரின் நோட்ஸில் π/3. நான் π/6 என்றேன். அப்பாவுக்கு நம்பிக்கை சார் மேல்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடைப்புக்குள் பூஜ்யம் வருமிடத்தில்தான் அலை கிளம்பும், போட்டுப் பாருங்கள் என்றேன். அவர் போடவில்லை. நித்யா போட்டாள். "அப்பா, சார் சொல்ற இடத்துக்குப் போறதுக்குள்ள அலை கிளம்பிப் போயிடுச்சு."

இரண்டு மார்க்

டெஸ்ட்டிலும் அதே மாதிரிக் கேள்வி. நித்யா சரியாக எழுதியும் மிஸ் தப்பு போட்டிருந்தார்; பாஸுக்கு இரண்டு மார்க் குறைவு. இவள் ஸ்டாஃப் ரூம் வாசலிலேயே நின்று, மிஸ்ஸையே போட்டுப் பார்க்க வைத்து, இரண்டையும் வாங்கிவிட்டாள். சயன்ஸ் பிழைத்தது. கூடவே டைரியில், எதிர்த்துப் பேசுகிறாள் என்று ஒரு குறிப்பு. அதில் கையெழுத்துப் போட்டபடி அப்பா என்னிடம் சொன்னார்: "உன்னைக் கணக்குக்குத்தானேம்மா வெச்சோம், வக்கீல் வேலைக்கு இல்லையே."

நான் நடத்தியதிலேயே அவளுக்கு ஒரே தடவையில் புரிந்தது, நான் பாடமென்று நினைத்து நடத்தாத ஒன்றுதான்.