உள்ளே விடாத துணி

அந்தத் தையல்காரர் நாலாம் வகுப்போடு நின்றவர்தான். ஆனால் ஒற்றை மிஷினில் தொடங்கி ஒன்பது மிஷின் ஓட்டிய கெட்டிக்காரர். மனைவிக்கு மார்பில் புற்றுநோய் என்றதும், உள்ளூரில் கேட்ட தொகைக்குக் கடையை விற்றாலும் காணாது என்று, செலவு குறைந்த அயல்நாட்டு ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப்போனார். பக்கத்துச் சந்தில் ஒரு வாடகை அறை எடுத்துக்கொண்டார்கள்.

அவள் நாளுக்கு நாள் இளைத்தாள். அது அவளுக்குத் தெரியக்கூடாது என்பதே அவர் கவலை. அவள் சிகிச்சையில் இருக்கும்போது அறைக்கு ஓடிவந்து, அவள் சட்டைகளைப் பிடித்துத் தைத்து வைப்பார். எதைப் போட்டாலும் அளவாக இருக்கும். கதிர்வீச்சில் புண்ணான தோலைத் தையலுக்கு உள்ளே மிஞ்சிய துணி உறுத்துமே என்று, போன வாரம் அதையும் வெட்டிப் போட்டார்.

இன்று காலை அவள் சொன்னாள்: "நீங்க பிடிச்சுத் தைக்கிறது எனக்கு முதல்லயே தெரியும்."

"என் தையலை யாராலயும் கண்டுபிடிக்க முடியாதே!"

"பெருமைக்கு ஒண்ணும் குறைச்சலில்ல." சிரித்துவிட்டுச் சட்டையைத் திருப்பிக் காட்டினாள். "உடம்பு தேறினா பிரிச்சுவிடலாம்னு எப்பவும் உள்ள துணி விடுவீங்களே, இதுல ஏன் விடல? டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

டாக்டர் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. "உறுத்துமேன்னுதான் வெட்டினேன், சத்தியமா" என்றார். அவள் நம்பவில்லை.

அவர் கை படாத பழைய சட்டை ஒன்றைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து அவள் போட்டுக்கொண்டாள். அது தோளில் நிற்காமல் நழுவியது. ஆஸ்பத்திரி வரைக்கும் அதை இழுத்துவிட்டபடியே அவர் பின்னால் நடந்தார்.