லாச்சிக்குள் பூட்டிய கடதாசி

அந்த ஆங்கிலேயரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் கடிபடும். அவர் கெட்டவர் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். என்னை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, கடைசி நாள்வரை குரலை உயர்த்தவில்லை. கோபத்தைக் கூட்டுவது அதுதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிஸின் லா சப்பல் பகுதியில் ஓர் அறையில் ஏழு பேர் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்த நான், அங்கே ஓர் உணவகத்தின் நிலக்கீழ்ச் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அகதி விண்ணப்பம் கொடுத்து முடிவுக்காகக் காத்திருந்த காலம். கையில் இருந்தது ஒரு ரெசிப்பிசே மட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரிபெக்சர் என்ற அரச அலுவலகத்துக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டிய தற்காலிகத் தாள். குறித்த நாளில் போகாவிட்டால் என்ன நடக்கும் என்று அறையில் ஏழு பேரும் ஏழு கதை சொல்வோம். ஒன்றும் நல்ல கதையில்லை.

ஆகஸ்டில் உணவகத்தை விடுமுறைக்குப் பூட்டினார்கள். எங்கள் அறையில் மூத்தவர் ஒரு சமையல்காரர். அவர்தான் அந்தச் செய்தியோடு வந்தார்.

"தம்பி, வில்லெட்டிலை ஒரு இங்கிலீசுக்காரன் போட் ஒண்டோடை நிக்கிறான். இங்கிலீசு தெரிஞ்ச ஆள் வேணுமாம். சாப்பாடு, படுக்கை எல்லாம் போட்டுக்குள்ளைதான்."

"என்ன வேலை அண்ணை?"

"கயிறு பிடிக்கிறதாம், சமைக்கிறதாம். இஞ்சை கிடந்து வேர்க்கிறதிலும் பாக்க அது நல்லம்தானே?"

"ஓம்" என்றேன்.

வில்லெட் நீர்த்துறை எங்கள் அறையிலிருந்து நடை தூரம். அங்கே பெரிய சரக்குப் படகுகளுக்கு நடுவில், பச்சையும் சிவப்பும் அடித்த ஒரு நீளமான இரும்புப் பெட்டி மிதந்துகொண்டிருந்தது. அகலம் ஏழடிதான். இங்கிலாந்தின் ஒடுங்கிய கால்வாய்களுக்கென்றே கட்டும் படகாம். லொறியில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டுவந்திருந்தார். அதற்குள் அடுப்பு, கட்டில், புத்தகத் தட்டு, ஜன்னலுக்கு லேஸ் திரை. அவரும் மனைவியும் ஓய்வுபெற்றவர்கள். கோடை முழுவதும் அதிலேயே வாழ்வார்கள்.

ஏறிய அன்றே என் ரெசிப்பிசேயைக் கேட்டார். ஆற்றுப் பொலிஸ் வந்தால் எல்லாருடைய தாள்களையும் ஒன்றாகக் காட்டவேண்டுமாம். படகுப் பத்திரங்களோடு சேர்த்து மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினார். திறப்பு அவருடைய காற்சட்டைப் பையில். படுக்கும்போதும் சட்டைப் பையை விட்டு எடுக்காத கடதாசியை ஒரு வெள்ளைக்காரர் கை நீட்டியதும் தூக்கிக் கொடுத்தேனே, அந்த மடத்தனத்துக்காக என்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

சென் நதிக்கு இறங்கி, மார்ன் நதியில் ஏறிப் போனோம். பொய் சொல்லக்கூடாது, முதல் வாரம் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு கரையிலும் மரங்கள். மனிதன் நடக்கும் வேகத்தில் போகும் படகு. ஆற்றின் மட்டம் மாறும் இடங்களில் எக்ளூஸ் இருக்கும். முன்னும் பின்னும் கதவு வைத்த பெரிய கல்தொட்டி. படகு உள்ளே போனதும் கதவைச் சாத்தித் தண்ணீரை ஏற்றுவார்கள், அல்லது இறக்குவார்கள். நான் கரையில் நின்று கயிற்றை இரும்புக் குற்றியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிக்கவேண்டும். தண்ணீர் இறங்க இறங்கக் கயிற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். விடாமல் இறுக்கினால் படகு சுவரில் தொங்கிச் சரிந்துவிடும் என்று முதல் நாளே சொல்லித் தந்தார்.

ஒருநாள் கரையில் விருந்து. பக்கத்துப் படகுக்காரர்கள் வந்திருந்தார்கள். நான் கறியும் சோறும் பரிமாறும்போது அவர் என் தோளில் கை போட்டார்.

"இவன் எங்கள் போட் பீப்பிள்" என்றார்.

வியட்நாமில் இருந்து படகில் தப்பி வந்தவர்களை அப்போது அப்படித்தான் சொல்வார்கள்.

"நான் விமானத்தில் வந்தேன்" என்றேன். "கிழக்கு பெர்லினுக்கு. பிறகு ரயிலில்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பகிடி விட்டதாக நினைத்தார்கள். அவருடைய மனைவி மட்டும் சிரிக்காமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெசிப்பிசேயைப் புதுப்பிக்க, வரும் திங்கட்கிழமை காலை நான் பிரிபெக்சரில் நிற்கவேண்டும். ஏறும்போதே சொல்லியிருந்தேன், அவரும் நாட்குறிப்பில் எழுதியிருந்தார். சத்தோ தியெரி என்ற ஊருக்குக் கிட்டப் படகைப் பாரிஸ் பக்கம் திருப்பினோம். ஆனால் ஒரு கிராமத்தில் சந்தை பார்க்க ஒரு நாள், இன்னொன்றில் தூண்டில் போட இரண்டு நாள். வெள்ளிக்கிழமை காலை கேட்டேன்.

"ஐயா, என் தாளைத் தாருங்கள். நான் ரயிலில் போய்விட்டு வருகிறேன்."

"நீ போனால் கயிறு யார் பிடிப்பது? என் மனைவியின் முழங்கால் உனக்குத் தெரியும்தானே."

"திங்கள் போகாவிட்டால் எனக்குப் பிரச்சினை."

"நான் அவர்களுக்குத் தொலைபேசியில் சொல்கிறேன். காத்திருப்பார்கள். அவர்களும் மனிதர்கள்தானே? நதியில் அவசரப்படக்கூடாது, தம்பி."

'தம்பி' என்ற சொல்லை நான்தான் அவருக்குப் பழக்கியிருந்தேன். அவர் தொலைபேசி எடுத்தால் காத்திருப்பார்கள்தான். அவருக்காக எல்லாரும் எப்போதும் காத்திருந்திருக்கிறார்கள். எனக்காக ஒரு வரிசைகூடக் காத்திருந்ததில்லை. அன்று முழுக்கச் சமைத்த கறியில் உப்பு எவ்வளவு போட்டேன் என்று எனக்கே தெரியாது.

சனிக்கிழமை முற்பகல் ஓர் எக்ளூஸுக்குள் போனோம். நான் வழமைபோல் கரையில் ஏறிக் கயிற்றைச் சுற்றினேன். தண்ணீர் இறங்கத் தொடங்கியது. படகு என் காலடிக்குக் கீழே போனது. அவர் பின்பக்கம் நின்று பைப் புகைத்தபடி சொன்னார்:

"மத்தியானம் கதவைத் தாண்டியதும் நிற்போம். நல்ல நிழல்."

நான் கயிற்றை விடவில்லை. இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

"என் கடதாசியைத் தாருங்கள்."

"கயிற்றை விடு!"

"கடதாசி!"

கயிறு இறுகி முறுகியது. படகின் ஒரு பக்கம் மேலே நின்றது, மறுபக்கம் சரிந்தது. உள்ளே பீங்கான்கள் விழுந்து நொறுங்கும் சத்தம். எக்ளூஸ்காரர் கத்திக்கொண்டே ஓடிப்போய்த் தண்ணீர் போகும் வழியை அடைத்தார். ஆங்கிலேயர் முதன்முதலாகக் குரலை உயர்த்தினார். என்னவெல்லாமோ சொன்னார். பள்ளிக்கூட ஆங்கிலத்தில் இல்லாத சொற்கள். நான் அசையவில்லை. கயிற்றையும் விடவில்லை.

அவருடைய மனைவிதான் படகுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவரிடம் போனாள். கையை நீட்டினாள்.

"திறப்பைத் தா" என்றாள். அவ்வளவுதான்.

கொடுத்தார். அவள் உள்ளே போய், சரிந்த தரையில் தவழ்ந்திருக்கவேண்டும், கடதாசியோடு வந்தாள். பொலித்தீன் பையில் போட்டுப் படகுக் கழியின் நுனியில் முடிந்து மேலே நீட்டினாள். நான் ஒரு கையால் எடுத்துப் பெயரைப் பார்த்தேன். பிறகுதான் கயிற்றைச் சுற்றுச் சுற்றாகக் கழற்றினேன். படகு தொப்பென்று தண்ணீரில் விழுந்து ஆடியது. என் உடுப்புகள் உள்ளே கிடந்தன. கேட்கவில்லை. எக்ளூஸ்காரர் பொலிஸைக் கூப்பிடுவேன் என்று கத்த, நான் ரயில் நிலையத்துக்கு நடந்தேன். சமைக்கும்போது போடும் செருப்போடு.

அறைக்கு வந்து கதையைச் சொன்னதும் சமையல்காரர் என்னை ஏசினார்.

"உனக்கென்ன விசரே? அந்த மனிசி தண்ணிக்குள்ளை விழுந்திருந்தால்? ரெசிப்பிசேயும் இல்லை, ஒண்டும் இல்லை, உள்ளைதான் இருந்திருப்பாய்!"

"அப்ப என்ன செய்யிறது அண்ணை? அவர் நிழல் பாத்து முடியுமட்டும் இருக்கிறதோ?"

அவர் சோற்றைப் போட்டுத் தந்தார்.

திங்கட்கிழமை விடிய முதலே வரிசையில் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் முகத்தைப் பார்க்காமலே முத்திரை குத்தினாள். இன்னும் மூன்று மாதம்.

செப்டெம்பரில், நான் வேலை செய்வதாக அவர்களிடம் சொல்லியிருந்த உணவகத்துக்கு ஒரு பொதி வந்தது. என் உடுப்புகள், தோய்த்து மடித்து. கூடவே அவருடைய கடிதம். 'உன்னைக் குடும்பத்தில் ஒருவனாக நடத்தினோம். என் மனைவியை நீ கொன்றிருப்பாய்.' முதல் வரியைப் படித்ததும் தாளைக் கசக்கினேன். இரண்டாவது வரிக்காக மறுபடி விரித்தேன். அது உண்மை. சமையல்காரர் ஏசியபோது உறைக்காத அந்த உண்மை, ஆங்கிலேயர் எழுதித்தான் எனக்கு உறைத்ததே என்று இன்னும் எரிகிறது.

பொதியில் இருந்த முகவரிக்கு, மனைவிக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். உறையில் அவள் பெயரை மட்டும் எழுதினேன். பதில் வரவில்லை. கடிதம் அவள் கைக்குப் போயிருக்கும் என்றுகூட நான் நம்பவில்லை. அந்தப் படகில் தபால் உறைகளைப் பிரிப்பவர் அவர்தான்.