ஒன்பது பாட்டில்களில் கருகிய ரப்பர்

முத்திரை ஆய்வாளர் தம் வாழ்நாளில் எவரிடமும் எதையும் ஓசியில் வாங்கியதில்லை. இதை அவர் அடிக்கடி சொல்லிக்கொள்ளும் ரகமும் அல்ல. வாரத்துக்கு மூன்று முறைதான் சொல்வார்.

கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பது அவர் உத்தியோகம். சரியாக இருந்தால் ஈய முத்திரை, தப்பாக இருந்தால் சிவப்புச் சீட்டு. கொளுத்தும் வெயிலில் கடைக்காரர் நீட்டும் ஒரு தம்ளர் தண்ணீரைக்கூடத் தொடமாட்டார். சோதனை எடைக்கற்கள் அடங்கிய பெட்டியோடு சொந்தத் தண்ணீரையும் சுமந்து சுமந்து இடது தோள் இரண்டு விரற்கடை இறங்கிப் போயிருந்தது. தராசு போலவே அவரும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பார். ஆனால் அந்தச் சாய்வுக்குச் சீட்டு ஒட்ட ஆள் இல்லை.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு பித்து இருந்தது. சிவப்பு ஒயினை ருசித்து, அதைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதுவது. 'நடுநிலை நாக்கு' என்று ஓர் இணையப் பக்கம் வைத்திருந்தார். பதினோரு வருஷத்தில் ஐந்நூற்று நாற்பத்தேழு மதிப்புரைகள். வாசகர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், மனைவியின் தம்பியை இரண்டு பெயர்களில் எண்ணினால்.

பக்கத்தின் உச்சியில் விதிகள் இருந்தன. விதி ஒன்று: கடையில் விலை கொடுத்து வாங்கிய பாட்டிலை மட்டுமே ருசிப்பேன். விதி இரண்டு: ஒயின் செய்கிறவர் எவரையும் நேரில் பார்க்கமாட்டேன், அவர்கள் கடிதத்துக்குப் பதில் போடமாட்டேன். ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டால் இருபதுக்கு இரண்டு மதிப்பெண் தானாகக் கூடிவிடும் என்பது அவர் கண்டுபிடிப்பு.

ஞாயிறு காலை பதினொரு மணிக்குச் சடங்கு. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் மனைவி அன்று பவுடர் பூசக்கூடாது, அடுப்பைப் பற்றவைக்கக்கூடாது. பாட்டிலின் பெயர் தெரியாதபடி அதை அவருடைய பழைய காலுறை ஒன்றுக்குள் நுழைத்துக் கொண்டுவந்து வைப்பது அவள் பொறுப்பு. ("துவைச்சதுதானே?" என்று முதல் வருஷம் கேட்டார். அதற்கு அவள் பார்த்த பார்வைக்குப் பிறகு கேட்கவில்லை.) அவர் கண்ணாடிக் கோப்பையை வெள்ளைத் தாள்மேல் வைத்து நிறம் பார்ப்பார், சுழற்றுவார், மூக்கை நுழைப்பார், ஒரு வாய் எடுத்துக் கன்னத்தில் உருட்டி எவர்சில்வர் குவளையில் துப்புவார். மிச்சம், லிப்ட் பழுது பார்க்கும் மைத்துனனுக்கு. அத்தான் துப்புவார், மைத்துனன் விழுங்குவான். எந்த அலுவலகத்திலும் வேலைப் பங்கீடு இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மூக்கைக் கோப்பையிலிருந்து வெடுக்கென்று எடுத்தார்.

"ரப்பர்."

"என்னது அத்தான்?"

"கருகின ரப்பர். தூக்கலா அடிக்குது, உனக்குத் தெரியல?"

மைத்துனன் முகர்ந்து பார்த்தான். "எனக்கு ஒயின் வாசனைதான் அடிக்குது."

"அதனாலதான் நீ லிப்ட்டுக்கு எண்ணெய் போடுற."

சாதாரண மனிதனுக்குத் திடீரென்று ரப்பர் கருகினால் அடுப்பைப் பார்ப்பான், வயரைப் பார்ப்பான், ஒன்றும் இல்லையென்றால் வைத்தியரைப் பார்ப்பான். ஆய்வாளருக்கு விஷயம் தெரியும், அதுதான் வினை. புளிக்கும்போது கந்தகம் கெட்டுப்போனால் ஒயினில் ரப்பர் நாற்றம் வரும் என்று அவர் படித்திருந்தார். சுத்தமான செப்புக் காசு ஒன்றைக் கோப்பையில் போட்டால் அந்த நாற்றம் அடங்கும் என்றும் படித்திருந்தார். போட்டார். அடங்கவில்லை. வேறொருவருக்கு அந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்திருக்கும். ஆய்வாளர் எழுதினார்: 'செம்புக்கும் அடங்காத கந்தகம். இருபதுக்கு ஆறு.'

அடுத்த நான்கு மாதத்தில் மேலும் எட்டு பாட்டில்கள் இப்படியே கருகின. ஒயின் உலகமே கெட்டுக்கொண்டிருக்கிறது என்று நீண்ட தலையங்கம் ஒன்று எழுதினார். ரப்பர் அடிக்கும் நேரங்களில் அவர் கண் ஓரிடத்தில் நிலைகுத்தும், உதடுகள் சப்புக்கொட்டும், அரை நிமிஷம் கூப்பிட்டாலும் காதில் விழாது. "உஷ், அத்தான் தவத்துல இருக்காரு," என்பான் மைத்துனன். ஒயின் ருசிக்கிறவர் சப்புக்கொட்டினால் யார் கவலைப்படுவார்கள்?

அந்த ஒன்பதில் நான்காவது பாட்டில், நகருக்கு வெளியே சரிவான நிலத்தில் கொடி வளர்த்த ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாள் ஒருவரின் முதல் விளைச்சல். மொத்தமே அறுநூறு பாட்டில். ஆய்வாளரின் மதிப்புரைகளை அச்சடித்து அலமாரியில் ஒட்டிவைக்கும் ஒயின் கடைக்காரர், அதற்கும் விழுந்த ஆறு மதிப்பெண்ணைப் பார்த்த மறுநாளே பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். நர்ஸிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'ஒருமுறை வாருங்கள் சார். உங்கள் எதிரிலேயே வேறொரு பாட்டிலைத் திறந்து இருவருமாகப் பார்ப்போம்.' ஆய்வாளர் அதற்கு வரிசை எண் கொடுத்துக் கோப்பில் வைத்தார். விதி இரண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் மூன்றாவது பொத்தானில் நின்றுவிட்டார். சப், சப், சப். மனைவி திரும்பிப் பார்த்தாள். கையில் கோப்பை இல்லை. வாயில் ஒயின் இல்லை.

"என்னங்க. என்னத்தை ருசி பாக்குறீங்க?"

சப், சப். கொஞ்ச நேரம் கழித்து நான்காவது பொத்தானைப் போட்டார். "எங்கேயோ டயர் எரியுது."

"ஜன்னல் சாத்தியிருக்கு."

"உன் மூக்குக்குப் பழக்கம் இல்ல."

"அப்படியா? ஊர்ல இருக்கிற தராசையெல்லாம் வருஷா வருஷம் சோதிக்கிறீங்களே, உங்க மூக்கை யாரு சோதிச்சா? அதுக்கு எந்த வருஷத்து முத்திரை?"

பதினோரு வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. கோபம் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். படியில் இறங்கும்போது மறுபடியும் டயர் எரிந்தது. இந்தத் தடவை விழித்தபோது எடைக்கற்கள் படியெங்கும் சிதறிக் கிடந்தன. மனைவி அவர் தலையை மடியில் வைத்திருந்தாள்.

மருத்துவர் ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். மூளையின் இடதுபக்கம், கீழே, எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி.

"வாசனை கிளாஸ்லேர்ந்து வரல சார். இங்கேயிருந்து வருது. சின்னச் சின்ன வலிப்பு. சப்புக்கொட்டுறதும் அதுதான்."

இந்த இடத்தில் மனிதர்கள் வழக்கமாக இன்னும் எவ்வளவு நாள் என்று கேட்பார்கள். ஆய்வாளர் கேட்டது வேறு.

"எந்தத் தேதியிலேர்ந்து டாக்டர்?"

"அதைச் சொல்ல முடியாது. மெதுவா வளர்றது. ஆறு வருஷம் இருக்கலாம், ஏழு வருஷம் இருக்கலாம்."

"உத்தேசமா ஒரு தேதி?"

மருத்துவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தாள். ஆபரேஷன் செய்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு, மூக்கு போகலாம், கொஞ்சம் வார்த்தைகளும் போகலாம், எவை என்று முன்கூட்டிச் சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர். ஆய்வாளர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருந்தது. அதற்குள் ஒன்பது பாட்டில்களையும் மறுபடி வாங்கி ருசித்துத் தீர்ப்பைத் திருத்திவிடுவது என்று முடிவு செய்தார். மருத்துவர் கொடுத்த மாத்திரை மூன்றாம் நாளே ரப்பரை நிறுத்திவிட்டது. முதல் பாட்டிலைத் திறந்து மூக்கை நுழைத்தார். நுழைத்தபடியே இருந்தார். ரப்பர் இல்லை. வேறு எதுவும் இல்லை. வெந்நீரை முகர்வது போல இருந்தது. மனைவியின் பவுடர் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார், மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொன்னார். அவையும் வெந்நீர்தான். ரப்பர் ஒன்றுதான் இத்தனை நாள் அவருக்கு இருந்த வாசனை. மற்றவை எப்போது கிளம்பிப் போயின என்பது அவருக்கே தெரியாது.

"பேசாம எல்லாத்துக்கும் பதினாலுன்னு போட்டுடுங்க அத்தான். நான் குடிச்சேனே, எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு," என்றான் மைத்துனன்.

"நான் முகராததுக்கு எப்படிடா மார்க் போடுறது?"

"மோந்து போட்டதே இந்த லட்சணம்தானே?"

மனைவி தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். ஆய்வாளர் கோபிக்கவில்லை. அந்த ஒன்பது மதிப்புரைகளையும் நீக்கிவிட்டு, மதிப்பிட்டவரின் தலையில் கோளாறு, ஒயினில் அல்ல என்று இரண்டு வரி எழுதினார். முதல் வாசகரின் கேள்வி அரை மணி நேரத்தில் வந்தது: 'அப்ப மத்த ஐந்நூத்து முப்பத்தெட்டு?' அதற்குப் பதில் எழுத உட்கார்ந்து, மாலைவரை வெற்றுத் திரையைப் பார்த்துவிட்டு, ஐந்நூற்று முப்பத்தெட்டையும் நீக்கினார். பொய்த் தராசு என்று தெரிந்துவிட்டால், எந்தத் தேதியிலிருந்து பொய் என்று தெரியாதபோது, துறையில் அதுதான் நடைமுறை.

மறுநாள் இரண்டாம் விதியை மீறினார். மனைவியை அழைத்துக்கொண்டு பேருந்து ஏறி, நர்ஸின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"யாரு?"

"நடுநிலை நாக்கு."

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஓ. ரப்பர்காரரா? வாங்க."

ஆய்வாளர் நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னார், அலுவலக அறிக்கை மாதிரி, தேதி வாரியாக. நர்ஸ் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வயித்துலேர்ந்து ஏதோ மேல ஏறுற மாதிரி இருக்குமா?"

"ஆமா."

"அப்புறம் சப்புக்கொட்டல். கண்ணு நிலைகுத்தும்."

"ஆமாம்மா."

"முப்பத்தொரு வருஷம் நரம்பு வார்டுல இருந்தேன் சார். இது மாதிரி எத்தனை பேரு." குரலை உயர்த்தவில்லை. "வாங்கன்னு எழுதினேனே. வந்து என் எதிர்ல உக்காந்து ஒரு கிளாஸ் எடுத்திருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். அப்ப இது இன்னும் சின்னதா இருந்திருக்கும்."

மனைவி புருஷனைப் பார்க்கவில்லை. தன் கைப்பையின் வாரைப் பார்த்தாள்.

நர்ஸ் உள்ளே போய் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். நான்குதான் மிச்சம், மற்றதெல்லாம் வினிகர் கம்பெனிக்குப் போய்விட்டது, கொடியைப் பிடுங்கிவிட்டு நிலத்தை விற்கப் பேச்சு நடக்கிறது என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே ஊற்றினார். ஆய்வாளர் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்தார், சுழற்றினார், முகர்ந்தார், ஒரு வாய் எடுத்து வெகுநேரம் வைத்திருந்தார். நல்லாயிருக்குன்னு சொல்லித் தொலைங்களேன் என்று மனைவி மனசுக்குள் கத்தினாள். எவனாக இருந்தாலும் சொல்லியிருப்பான். ஒரு வார்த்தைதான். காசா, பணமா?

"எப்படி இருக்கு?" என்றார் நர்ஸ்.

"நிறம் தெளிவா இருக்கு."

"மத்தது?"

"தெரியலம்மா."

நர்ஸ் தலையை ஆட்டினார். கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கும்போது விரல்களைக் கவனித்தார். "ஆபரேஷன் என்னிக்கு?"

"வியாழக்கிழமை."

"மோதிரத்தை இப்பவே கழட்டணும். மாத்திரையில விரல் உப்பிப்போச்சு. அங்கே போனா வெட்டித்தான் எடுப்பாங்க."

ஆய்வாளர் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. நர்ஸ் தையல் பெட்டியிலிருந்து நூல்கண்டை எடுத்து, நுனியை மோதிரத்துக்கு அடியில் செருகி, மிச்சத்தை விரலைச் சுற்றி இறுக்கமாக, நெருக்கமாகச் சுற்றினார். விரல் கருநீலமானது. பிறகு அடி நுனியைப் பிடித்து மெதுவாகப் பிரித்தார். ஒவ்வொரு சுற்று அவிழும்போதும் மோதிரம் ஒரு நூல் அளவு முன்னால் நகர்ந்தது. ஆய்வாளர் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா?"

"இல்ல," என்றார் ஆய்வாளர். அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

மோதிரம் கழன்று வந்தது. நர்ஸ் அதைத் துடைத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

"பத்திரமா வைம்மா. திரும்பப் போட்டுக்குவாரான்னு இப்ப எதுவும் சொல்ல முடியாது."