பேர், ஊர், டீ

முதல் பஸ் உறுமும் சத்தம், அதோடு பொங்குகிற பாலின் வாசனை… செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை போட்ட புதிதில் என் விடியல் அப்படித்தான் இருந்தது.

ஆட்கள் பழகியபின் யாரும் டீ என்று கேட்கவே வேண்டாம். பஸ்ஸை விட்டு ஆள் இறங்கும்போதே கிளாஸ் தயார். வல்லத்து வாத்தியாருக்கு ஸ்ட்ராங், சிங்கவரம் மணி அண்ணனுக்குச் சர்க்கரை இல்லாமல். யாராவது வாயைத் திறந்து சொல்லிவிட்டால் எனக்குக் கோபம் வரும். அவ்வளவு திமிர்!

போன வருஷம் பாண்டிச்சேரி டாக்டர் என்னைப் பரிசோதித்துவிட்டு, அல்சைமர் என்றார். மறதி நோய், ஆரம்ப நிலைதானாம். அறுபதுகூட ஆகவில்லையே என்று அழுதேன். மாத்திரை, நடை, தூக்கம் என்று சொன்னவர், "தெரிஞ்ச வேலைய மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

ஆனால் ஒரு நாள் மணி அண்ணனுக்கு இனிக்க இனிக்க டீ கொடுத்துவிட்டேன். சுகர் உள்ள மனுஷன், என் மனசு நோகக்கூடாதென்று ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டார்.

அவர் குடித்து வைத்த கிளாஸின் அடியில் கரையாத சர்க்கரையைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. எல்லார் முன்னாலும் என் நோயைச் சொல்லி, இனி கடை வேண்டாம் என்று பூட்டிவிட்டேன்.

மறுநாள் காலை மணி அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கடையத் தொறப்பா. நான் சிங்கவரம் மணி. எனக்குச் சர்க்கரை போடாத. டெய்லி சொல்லிட்டுக் குடிக்கிறேன். இதுல இன்னா கஷ்டம் ஒனக்கு?"

திறந்தேன். அடுத்து வந்த வாத்தியாரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பேர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றிலிருந்து இதுதான் எங்கள் கடை வழக்கம். பேர், ஊர், டீ. கோட்டை பார்க்க வருகிறவர்கள்கூட எதற்கென்றே தெரியாமல் பேர் சொல்லி டீ வாங்குகிறார்கள். கடையில் பேச்சும் சிரிப்பும் முன்பைவிட அதிகம். நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

நேற்று என் மனைவி கஸ்தூரியும் அந்த வரிசையில் வந்து நின்றாள்.

"நான் கஸ்தூரி. ஒங்க பொண்டாட்டி. அரை சர்க்கரை."

"ஏய், உன்னத் தெரியாதா எனக்கு?"

"தெரியுது. தெரியாமப் போற அன்னிக்கும் இப்படித்தான் வந்து சொல்லுவேன். இப்பவே பழகிக்கிறேன்."

கண் கலங்கிவிட்டது. அந்த அவசரத்தில் என்ன போட்டேனோ… ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரையே இல்ல, போடுங்க" என்று கிளாஸை நீட்டினாள்.

வாயைத் திறந்து சொன்னாலே கோபப்பட்டவன்தான் நான். சிரித்துக்கொண்டே போட்டுக் கலக்கிக் கொடுத்தேன்.