மத்தியானத் தூக்கத்தோடு ஒரு முதலீட்டுக் கணக்கு

எண்பதுகளின் தொடக்கத்தில் புதுச்சேரி உழவர்கரையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பட்டறையில் கணக்கு எழுதினேன். மருந்து பாட்டிலுக்கு மூடி செய்கிற இடம். கையால் அழுத்தும் பழைய மெஷின்கள், எட்டுப் பெண்கள், நான். முதலாளி அந்துவான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் முசே என்றே கூப்பிடுவோம். வீடு பட்டறையை ஒட்டிப் பின்னாலேயே.

ஒருநாள் மருந்து கம்பெனிக்காரர் வந்து கறாராகச் சொல்லிவிட்டார்.

"மூடியெல்லாம் லீக் ஆவுது முசே. சரக்கும் பத்தல. பொங்கலுக்குள்ள நல்ல மெஷினா போடுங்க. இல்லன்னா வேற எடம் பாத்துக்கறோம்."

அந்த ஆர்டர் போனால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். எட்டுப் பேரும் கை வேலையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். நான் கணக்கு நோட்டை எடுத்தேன்.

கோயம்புத்தூர் சின்ன மெஷின் இரண்டு வாங்கலாம். அல்லது அதே விலைக்குப் பம்பாய் பெரிய ஆட்டோமேட்டிக் ஒன்று. சின்னது இரண்டும் சேர்ந்தாலும் கம்பெனி கேட்ட அளவு வராது. பெரியது நீண்ட காலம் உழைக்கும், மூடி பொறுக்கிப் பெட்டி கட்ட எட்டுப் பேரும் வேண்டும். மூன்றே வருஷத்தில் போட்ட பணம் திரும்பும் என்றார் பம்பாய் ஏஜென்ட். முசேவுக்கு ஒரே குஷி.

"பிளாஸ்டிக் உருக்கற ஹீட்டர் சூடாக எவ்ளோ நேரம் சார்?" என்று கேட்டேன்.

"ரெண்டு மணி நேரம்மா. காலைல போட்டா சாயங்காலம் வரைக்கும் ஓடும்."

அங்கேதான் இடித்தது. புதுச்சேரியில் மத்தியானம் கடைத்தெருவே கதவைச் சாத்திவிட்டுத் தூங்கும். எங்கள் முசே ஒரு படி மேல். பன்னிரண்டு அடித்ததும் மெயின் சுவிட்சைத் தன் கையால் அணைப்பார். மூன்று மணிக்குத்தான் போடுவார். சத்தம் கேட்டால் அவருக்குத் தூக்கம் வராதாம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அஞ்சு மணிக்கு மறுபடி சூடாவும், ஆறு மணிக்கு நாம வீட்டுக்குப் போயிடுவோம். போட்ட பணம் எனக்குப் பேரன் பொறக்கறப்பதான் திரும்பும் முசே!"

"மெஷினே வேணாம். தூக்கத்த மட்டும் வுட மாட்டேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி, மதாம், குரல் கொடுத்தார். "தூக்கத்த யாரு வுடச் சொன்னா? கட்டில நவுத்துங்க!"

மெஷின் வாங்கும் முன், முசேவுக்குச் சத்தத்தில் தூக்கம் வருகிறதா என்று சோதித்துப் பார்ப்பது என முடிவானது. கழிவு அரைக்கிற கிரைண்டர் காதைக் கிழிக்கும். அதை மத்தியானம் ஓட்டினோம். "எங்களுக்கு என்னாக்கா, மாத்தி மாத்தி சாப்புட்டுக்கறோம்" என்றார்கள் பெண்கள். முதல் நாள் முசே லுங்கியோடு ஓடிவந்து கத்தினார். மதாம் கட்டிலைப் பட்டறையிலிருந்து தள்ளி, பின்தெருப் பக்க அறைக்கு மாற்றினார். மறுநாள் முணுமுணுப்பு. அந்த வார முடிவில், கிரைண்டரை மீறிக் குறட்டைச் சத்தம் வந்தது. எட்டுப் பேரும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பொங்கலுக்கு முன்பே பம்பாய் மெஷின் வந்தது. ஏஜென்ட் சொன்ன காலத்திலேயே பணமும் திரும்பியது.

தொழில் தொடங்கும் பிள்ளைகளே, மெஷின் எத்தனை மணி நேரம் ஓடும் என்று ஏஜென்ட் சொல்வார். உங்கள் ஊரில், உங்கள் பட்டறையில் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பிறகு ஒரு மத்தியானம் கரண்ட் போய் மெஷின் நின்றது. பின்தெரு அறையிலிருந்து முசே பதறியடித்து ஓடிவந்தார்.

"யாரு நிறுத்துனது? என் தூக்கமே போச்சு!"