மேனேஜர் பூதலிங்கம் பெறாத பிள்ளைகள்

திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு சைவ ஹோட்டலுக்கு மேனேஜரான பூதலிங்கத்துக்குத் தன்னைப் பற்றி ஒரு சந்தேகமும் கிடையாது. நாஞ்சில் நாட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, மேஜை துடைத்து, பரிமாறி, கடைசியில் கல்லாவில் உட்கார்ந்தவர். "வேலைக்காரங்க எனக்குப் பெத்த பிள்ளைங்க மாதிரியாக்கும்" என்று, சாப்பிட வந்தவர்கள் கை கழுவி முடிக்கும்வரை சொல்லுவார். சாப்பிட்ட பாவத்துக்கு அவர்களும் தலையாட்டுவார்கள்.

எழுபத்திரண்டாம் வருஷம் ஒருநாள் காலை, பிள்ளைகள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. பின்கட்டில் உட்கார்ந்துகொண்டு, "மனுஷனா மதிக்கணும்! சிந்தாபாத்!" என்று ஒரே கோஷம். பூதலிங்கத்துக்கு உள்ளூரக் குளிர்ச்சி. முதலாளி பிச்சையா வாய்த்துடுக்குக்காரர்; அவருக்கு இது வேண்டியதுதான்! மோரை நீர் விளாவிக் கொண்டுபோய்த் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். கோஷம் தளர்ந்தபோது தானும் முஷ்டியை உயர்த்தினார். சப்ளையர் தங்கப்பனுக்குப் புரையேறியது.

முதலாளி வந்தார். தங்கப்பனைக் கல்லாவுக்கு அழைத்து என்னவென்று கேட்டார்.

"சம்பளம் கூட்ட வேண்டாம் அண்ணாச்சி. மேனேஜரை மாத்தினா மதி, அது போதும்."

அது எந்த மேனேஜர் என்று பூதலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"உம்மளத்தான் ஓய் சொல்லுதான்!" என்றார் பிச்சையா.

பூதலிங்கத்துக்கு ஊரில் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். இந்த வயதில் இனி யார் வேலை தருவார்?

"யாரோ தூண்டிவிட்டிருக்கான் அண்ணாச்சி. நான் ஒருத்தரையாவது அதட்டிப் பேசியிருப்பனா?"

"சரி, உம்ம ஆளு ஒருத்தரைக் கூப்பிடும். நீரு நல்லவருன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். வேலை உமக்குத்தான்."

போன உயிர் திரும்பி வந்தது. மாவாட்டுகிற பெண் இருக்கிறாளே! போன மழைக்கு அவர் காய்ச்சலில் கிடந்தபோது, மாடியறைக்குக் கஷாயம் கொண்டுவந்து கொடுத்த புண்ணியவதி. இரக்கம் உள்ளவள், நிச்சயம் சொல்லுவாள். தொண்டையைச் செருமி, குரலில் இருந்த பாசத்தையெல்லாம் குழைத்துப் பின்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏய்!"

மாவாட்டுகிறவள், பாத்திரம் தேய்க்கிறவள், தண்ணீர் சுமக்கிறவன், அடுக்களைக்காரர்கள் என்று அத்தனை பேரும் எழுந்து வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் நின்ற தங்கப்பன்கூட, "என்ன சார்?" என்று திரும்பினான்.

"இதுல யாரு ஓய்?" என்றார் முதலாளி. "பேரைச் சொல்லிக் கூப்பிடும்."

பூதலிங்கம் வாயைத் திறந்தார். மாவாட்டுகிறவளையே பார்த்தார்.

அவளுக்கே பார்க்கச் சகிக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சொல்லிக் கொடுத்தாள்.

"பூமாரி, சார்."