யார் பெண் என்று கேட்டவள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து காபி போடப் போய்விடுகிற ஆள் நான். இதைக் கேட்டு நீங்களும் சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் நடந்தது நட்டநடுப் பகலில், நியூ ஜெர்சியில், சுள்ளென்ற வெயிலில்.

என் தம்பி குமரனும் எங்கள் ஊரான மான்மவுத் ஜங்ஷனில்தான், எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கிறான். அவன் மனைவி மேகன் பவெல் அமெரிக்காக்காரி. அவளுடைய முன்னோர் தாமஸ் என்பவர் வேல்ஸிலிருந்து கப்பலேறி வந்தவராம். நிறைமாத வயிற்றோடு அவர் கல்லறையைத் தேடி அலைந்துகொண்டிருந்தாள். காரணம், பிறக்கப்போகிற குழந்தையின் கடைசிப் பெயருக்காக வீட்டில் தினமும் சண்டை. குமரன், எங்கள் அப்பா பெயரான ராமசாமிதான் என்பான், இவள் பவெல் என்பாள். "அந்தப் பேர் எங்கேருந்து வந்துச்சுன்னாவது எனக்குத் தெரியணும் அக்கா" என்பாள், அவனிடம் கற்ற தமிழில்.

ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் புளியோதரை கட்டிக்கொண்டு, அவர் அடக்கமானதாகச் சொல்லப்பட்ட பழைய சர்ச்சுக்கு மறுபடியும் போனோம். முன்பு தேடியபோது அங்கே பவெல் என்று ஒரு கல்கூட இல்லை. ஆளுக்கொரு பக்கம் பிரிந்தோம்.

வேலியோரம் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து ஒரு கல்லின் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிவந்த முகம், தலையில் துணி. நிமிர்ந்து, "யார் பொண்ணும்மா நீ?" என்றாள். நம்பினால் நம்புங்கள், நல்ல தமிழில். அந்த நேரம் எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை.

"ராமசாமி பொண்ணுங்க."

வாய்கொள்ளாமல் சிரித்தாள். "இவன் ஹவெல் பையன்" என்று கல்லைத் தட்டினாள்.

"யார்கூடப் பேசறீங்க அக்கா?" என்று பின்னாலிருந்து மேகன் கேட்டாள். அவள் பக்கம் திரும்பிவிட்டுப் பார்த்தால் யாரும் இல்லை. கல் மட்டும் ஈரமாக இருந்தது. 'தாமஸ் ஆப் ஹவெல்' என்று எழுத்து தெளிவாகத் தெரிந்தது.

வேல்ஸ்காரர்களின் மொழியான வெல்ஷில் 'ஆப்' என்றால் மகன். ஆப் ஹவெல், ஆப் ஹவெல் என்று மேகன் வேகவேகமாகச் சொல்லிப் பார்த்தாள். திடீரென்று, "பவெல்!" என்று கத்தினாள். ஓடிவந்த குமரன், "அட, நம்ம வழக்கம்தானே! அப்பா பேரைப் பின்னாடி போட்டிருக்காங்க. அப்போ குழந்தைக்கு ராமசாமியும் வேணாம், பவெலும் வேணாம். என் பேர்தான்!" என்று குதித்தான். மேகன் சிரித்த சிரிப்பில் அங்கேயே பிரசவமாகிவிடுமோ என்று பயந்துபோனேன். தாமஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். அவருக்கும் மேகன் ஒரு பிடி வைத்தாள்.

இப்போது 'நிலா குமரன்' என்ற அவர்கள் மகள் வீடு முழுக்கத் தவழ்கிறாள்.

ஒன்றுதான் இன்றும் உறுத்துகிறது. அன்று மேகன், அவள் அப்பாவுக்குக் காட்டக் கல்லறைகளை வீடியோ எடுத்திருக்கிறாள். அதில் அந்தப் பெண் இல்லை. நான் மட்டும் புல்லைப் பார்த்துப் பேசுகிறேன். குரல் என்னுடையதுதான், தமிழ்தான் இல்லை. குழந்தைக்காக வெல்ஷ் படித்துக்கொண்டிருக்கும் மேகன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க வெல்ஷ் பேசறீங்க."

அதில் எனக்குப் புரிகிற ஒரே சொல், ராமசாமி.